எறும்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவள் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பனின் மனைவி. அவன் காணாமல்போனதிலிருந்து வாரம் தவறாமல் என்னை அழைத்து அழுகிறவள், போன வாரம் அழவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அண்ணா, நீங்கதான் கதையெல்லாம் எழுதுவீங்களே. அவர் பாதியில விட்ட எறும்பு கதைய முடிச்சுக் குடுங்கண்ணா. பாப்பா தினம் கேக்கறா.”

ஒரு குழந்தைக்கு, ஓர் எறும்பைப் பற்றி, ஒரு பக்கம். இதைவிடச் சின்ன வேண்டுகோள் எனக்கு வந்ததில்லை. அதை எழுத உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

2

முதல் தொடக்கம்: ‘மலையடிவாரத்தில் மாலை மயங்கும் வேளையில் மூன்று நண்பர்கள்...’

மாலை மயங்கவில்லை. இரவல் வாங்கிய கூடாரத்தை நிறுத்தத் தெரியாமல் நாங்கள்தான் மயங்கிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது: ‘அந்நிய மண்ணில் இயற்கை அன்னையின் மடியில்...’

சீ.

நேராகவே சொல்கிறேன். பிழைக்கப் போன நாட்டில் மூன்று பேர். நான் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். லாரி ஓட்டுகிறவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. யாருக்கும் மாப்பிள்ளை ஆகாததால் எல்லோருக்கும் மாப்ள. மூன்றாமவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வாய் ஓயாது. அதனால் ரேடியோ. தொடர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்ததும், மாப்ள ஒரு பழைய வேனைக் கேட்டு வாங்கி வந்தான். மலைப்பக்கம் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவாயிற்று. ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்காருகிறவன் தூங்கக் கூடாது, பேசிக்கொண்டே வர வேண்டும் என்பது எங்கள் சட்டம். அந்த இருக்கைக்கு ரேடியோவை விட்டால் ஆள் ஏது?

கூடாரத்தோடு வந்த விளக்கத்தாள் அந்த ஊர் பாஷையில் இருந்தது. படம் மட்டும் புரிந்தது. படத்தில் இருந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

(இந்த வரிக்கு நீங்களும் லேசாகச் சிரித்திருந்தால் மன்னியுங்கள். இனி அதற்கு இடமில்லை.)

3

ரேடியோ ஊரைவிட்டு வரும்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். போனில் மட்டும் இருக்கிற அப்பாவிடம் ஒரு குழந்தை எவ்வளவு நேரம் பேசும்? சாப்டியா, சாப்டேன், படிச்சியா, படிச்சேன். அப்புறம் போனை அம்மா கையில் திணித்துவிட்டு ஓடிவிடும். அவள் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இவன் இங்கே உட்கார்ந்திருப்பான்.

அதற்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு ஃபிரிட்ஜுக்குள் குடியிருக்கும் எறும்பின் கதை. தினமும் அவள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்குக் குரல் பதிந்து அனுப்புவான். எறும்பின் உயிர் ஊசலாடும் இடமாகப் பார்த்து நிறுத்திவிடுவான். மறுநாள் அவளே போனை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். அன்றிலிருந்து அவன் ஒருநாளும் தவறவில்லை. “தவறினா புள்ளைக்கு சோறு எறங்காதுடா” என்பான். பெருமையாகத்தான் சொல்வான்.

கடைசியாக அனுப்பியது, போகும் வழியில், வேனுக்குள்ளிருந்து. மாப்ளயும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“கதவு மூடினப்புறம் உள்ள லைட் எரியுதா, அணையுதா? பாத்தே தீருவேன்னு எறும்பு பல்பு மேல ஏறி உக்காந்துடுச்சு. அந்த நேரம் பாத்து அம்மா பால எடுத்துட்டு கதவுல கை வெக்கறாங்க. மூடப் போறாங்க... மூடப் போறாங்க... மிச்சம் நாளைக்கு!”

* கதவோரத்தில் ஒரு சின்ன பொத்தான் இருக்கிறது, அது அழுந்தினால் விளக்கு அணையும். ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு இது தெரியாதா? கேட்டேன். “அத சொல்லிட்டா கதை போச்சேடா” என்றான்.

4

மறுநாள் கூடாரம் போட்ட இடத்தில் டவர் இல்லை. பிற்பகலில் இருந்தே அவன் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டேய், வர்ற வழியில அந்த மேட்டுல போன்ல ஒரு கோடு காட்டுச்சு. ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன். டீக்குத் தண்ணி வைங்க.”

“ரப்பர் செருப்போடயாடா மலை ஏறுவ?” என்றான் மாப்ள.

“இது மலையாடா? மேடு.”

அவ்வளவுதான். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். [இந்த இடத்தில் வாசகர் ஒரு சகுனத்தை எதிர்பார்ப்பார். ஒன்றும் இல்லை. தண்ணீர் கொதித்தது.]

பிறகு மூடுபனி இறங்கியது. எதிரில் நின்ற வேன் தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினோம். பேசினால் கட்டிடம் முழுக்கக் கேட்கும் அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் திரும்பிவந்து மறுபடி தண்ணீர் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

மாப்ள வேனில் போய்ச் சொன்னபிறகு வனத்துறை ஆட்கள் நாய்களோடு வந்தார்கள். வழி தவறினால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், உட்கார்ந்தவர்களைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவோம் என்றார் அதிகாரி. அவன் உட்கார்ந்திருக்க மாட்டான். மகள் வாசலில் நிற்கிறாளே. இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்று போயிருப்பான். ஒரு நீரோடைக்கரையில் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. உறைபனி விழத் தொடங்கியதும் தேடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

‘அப்பா இருக்கற எடத்துல டவர் இல்ல’ என்று குழந்தையிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது பொய்யும் அல்ல.

5

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

மலைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற ஒரு குடும்பம் அவனைக் காப்பாற்றுகிறது. நினைவு தப்பியவன் ஒருநாள் ஒரு ஃபிரிட்ஜைத் திறக்கிறான், எல்லாம் ஞாபகம் வருகிறது. எழுதும்போது அழுதேன். காலையில் படித்தபோது கூசியது. கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: ‘ஓடைக்குக் கீழே, பாறை இடுக்கில், ஒரு காலில் மட்டும் செருப்போடு அவன்’

இந்த வாக்கியத்துக்கு வினைச்சொல் தெரியும். எழுதமாட்டேன்.

மூன்றாவது முடிவு அவன் மனைவி கொடுத்தது.

“வேற ஒருத்தியோட ஓடிட்டார்னு எழுதுங்கண்ணா.”

“என்னம்மா பேசற நீ?”

“நிஜமாத்தாண்ணா. எங்கயோ நல்லா இருக்கார்னு திட்டிக்கிட்டாவது கெடப்பேன். இப்ப யாரப் போய்த் திட்டறது, மலையையா?”

மூன்றில் நல்ல முடிவு இதுதான். எனக்கு எழுத வரவில்லை.

6

கடைசியில் எறும்புக் கதையை எழுதிவிட்டேன். கதவு மூடுகிறது, விளக்கு அணைகிறது, எறும்பு இருட்டில் தடவித் தடவி இறங்குகிறது, காலையில் அம்மா கதவைத் திறந்ததும் வெளியே வந்து வீடு போய்ச் சேருகிறது. சுபம்.

மாப்ள ரேடியோவைப் போலவே பேசுவான். இருமல், சிரிப்பு எல்லாம் அச்சு அசல். முன்பெல்லாம் அவன் எதிரிலேயே பேசிக்காட்டி எங்களைச் சிரிக்கவைப்பான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தோம். ‘பாப்பா’ என்ற சொல்லிலேயே மாப்ளயின் குரல் உடைந்துபோனது. மறுபடி, மறுபடி பதிந்து அனுப்பினோம்.

ரேடியோவின் மனைவி அழைத்தாள். மாப்ளயும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“கேட்டாளாம்மா?”

“முழுசும் கேட்டாண்ணா. கேட்டுட்டு, இது அப்பா இல்லன்னு போன எங்கிட்ட குடுத்துட்டா.”

“குரல் சரியா வரலியோ?”

“குரல் அவர் குரல்தாண்ணா. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. ‘அப்பான்னா முடிச்சிருக்க மாட்டாரும்மா, நாளைக்கு வேணும்ல’ங்கறா.”

மாப்ள எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டான். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

7

அந்தப் பதிவை அழித்தாயிற்று. எழுதிய பக்கத்தையும்.

நேற்று அவளிடம் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“ஃபிரிட்ஜ் கதவ மூட விடமாட்டேங்கறாண்ணா. உள்ள எறும்பு இருக்காம். நாற்காலிய இழுத்து அண்டக்குடுத்து வெச்சிருக்கா. பாலெல்லாம் திரிஞ்சு போவுது.”

“அவ தூங்கினப்புறம் மூடிடேன்மா.”

“மூடத்தாண்ணா போறேன். கதவுல கை வெக்கறேன். உள்ள லைட் எரியுது பாருங்க... அதுக்கு மேல கை வரமாட்டேங்குது.”

வாசகரே, இந்தக் கதைக்கு முடிவு இல்லாமல் தீராது என்றால் நீங்கள் எழுந்துபோய் அந்த நாற்காலியை நகர்த்துங்கள். எடை அதிகமில்லை, ஒரு குழந்தை இழுத்துப் போட்டதுதான். நான் வரமாட்டேன்.