பின்சக்கரம் எழுந்த நாள்

அன்று செவ்வாயா புதனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொல்லையில் பிடுங்கிய மரங்கள் ஒன்பதா பதினொன்றா என்பதிலும் சந்தேகம்தான். மறுநாள் காலை லாரி வரவிருந்தது மட்டும் நிச்சயம். பத்து வருடமாகச் சமையலறை மூலையில் மெஷின் மிதித்த தையல்காரி, தனக்கென்று வாங்கிய ரெடிமேட் தகர அறை அதில்தான் வருகிறது. கொல்லை முழுக்கப் புதரும் மரமும். உள்ளே வர வழி இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவோம், மறுபடி எப்போது வருவோமென்று சொல்ல முடியாது என்று லாரிக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அவள் தம்பி, முன்பக்கம் மண் அள்ளும் பக்கெட் மாட்டிய டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பாத்து ஓட்டுங்க மாமா, பக்கெட்ட வளச்சிடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் கணவர் பஸ் டிரைவர். "அம்பது பேர ஏத்திக்கிட்டு மலையேறுறவன்கிட்ட சொல்றான் பாரு!"

புதர் தொல்லை தரவில்லை. பக்கெட்டைத் தரையோடு தாழ்த்தி நகர்த்தினார். முட்செடிகள் பாய் சுருட்டுவது போல் சுருண்டன. மரத்தில்தான் வம்பு. பாதி உயரத்தில் வைத்துத் தள்ளினார். வளைந்து கொடுத்த மரம், அவர் பின்வாங்கியதும் சாவகாசமாக நிமிர்ந்தது.

"உங்களுக்குக் கும்பிடு போடுது," என்றாள்.

"துணி வெட்டுறவ, நீ சும்மா இரு."

"துணியிலயும் தையலப் பிரிச்சாத்தான் கழலும். வேர அறுங்க."

முறைத்தார், ஆனாலும் பக்கெட் முனையால் மூன்று பக்கமும் வேரை அறுத்து, அடியில் கொடுத்துத் தூக்கினார். மரம் அசையவில்லை. டிராக்டரின் பின்சக்கரங்கள்தான் தரையை விட்டு எழுந்தன. அவர் முகம் போன போக்கில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. லாரி நினைவுக்கு வந்ததும் அடங்கிப்போனது.

"மெதுவா இறக்குங்க! காலைல பின்னாடி ஒரு சிமெண்ட் கல் தொங்குச்சே, எங்க?"

அவர் பக்கெட்டை இறக்கி எஞ்சினை அணைத்தார்.

"கழட்டிட்டேன். எதுக்குத் தண்டச்சுமைன்னு..."

"முன்னாடி தூக்கணும்னா பின்னாடி கனம் வேணாமா? நல்லாருக்குங்க!"

கல் கிடந்த இடத்துக்கு அவர் பின்னோக்கி வந்தார். அவள் கண்டக்டர் போல, "வரலாம், வரலாம், நில்லுங்க!" என்று கைகாட்டினாள். வண்டி நின்றதும் கல்லைப் பின்னால் கோத்து, அது கழலாமல் பூட்டாணியைச் செருகினாள். அடுத்த தூக்கலில் மரம் மண்ணோடு பெயர்ந்து வந்தது. பொழுது சாய்வதற்குள் கடைசி மரமும் சாய்ந்தது.

மறுநாள் லாரி அரை மணி தாமதமாக வந்தது. அறை இறங்கியது. தையல்காரி இப்போது அதில் இரண்டு பேரை வைத்துத் தைக்கிறாள். கணவர் பஸ்தான் ஓட்டுகிறார். தம்பி அந்த டிராக்டரை விற்றுவிட்டு வேறொன்று வாங்கிவிட்டான்.