மாவிஸின் கீரை வாளி

செடூனா கேரவன் பூங்காவில் எங்களுக்குப் பக்கத்து இடத்தில் மாவிஸ் வந்து வண்டியை நிறுத்திய அன்று, அவள் சமையல் வாசனையில் என் கணவன் டெஸ்ஸின் மூக்கு முகத்தை விட்டுக் கழன்று அவளுடைய வேனுக்குள் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன். மூக்கைத் தேடிக்கொண்டு டெஸ்ஸும் போனான்.

நான் வெர்னா. எழுபத்தோரு வயது. ஒன்பது வருஷமாக எனக்கு வீடென்றால் பத்தொன்பது அடி நீளமும் நாலு சக்கரமும்தான். அதிலிருக்கும் ரெட்டை அடுப்பில் நான் வேகவைக்காத பருப்பு ஆஸ்திரேலியாவில் இன்னும் விளையவில்லை. ஓய்வூதியம் வருகிற அன்று பருப்பு, முட்டைக்கோஸ், மத்தி மீன் டப்பா வாங்கினால் அடுத்த ஓய்வூதியம் வரும்வரை பதினாலு நாளும் ஓட்டிவிடுவேன்.

இந்தத் தடவை ஓட்டினால் மட்டும் போதாது. போர்ட் அகஸ்டாவில் டெஸ்ஸின் சர்க்கரையைப் பார்த்த டாக்டர், "காலைல வெறும் வயித்துல ஆறுக்குள்ள இருக்க வேண்டியது பன்னெண்டு இருக்கு. மேற்கே எஸ்பரன்ஸ் போய்ச் சேர்றதுக்குள்ள எட்டுக்குக் கீழ இறங்கணும். இல்லேன்னா கேரவனை வித்துட்டு மக வீட்டுப் பக்கமா இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டார். மகள் வீட்டுப் பக்கம் இருப்பது ஒரு கார் கழுவும் இடமும் ஒரு கல்லறைத் தோட்டமும். வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்த எனக்கு அவசரமில்லை. ரொட்டியை நிறுத்தினேன், உருளைக்கிழங்கை நிறுத்தினேன். மூன்று வாரம் ஆகியும் எண் பன்னிரண்டிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

மாவிஸ் கிழக்கே விக்டோரியா மாநிலத்துக்காரி, ஓய்வுபெற்ற தபால்காரி. தனியாக, முதல்முறையாக மேற்கே போகிறாள். அவளுடைய வேன் ஒரு துணி அலமாரி அளவுதான். காலையில் பார்லியையும் பீன்ஸையும் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, பாத்திரத்தைப் போர்வையில் சுற்றிவிட்டு வண்டியை எடுப்பாள். மதியம் நிறுத்தும்போது அது தானாக வெந்திருக்கும். கதவோரம் ஐஸ்கிரீம் வாளியில் கீரை வளர்த்தாள். அது வளர்கிற சத்தம் ராத்திரி எனக்குக் கேட்டது.

"வெர்னா, ஒரு வாய் சாப்பிட்டுப் பாரேன்! வாரத்துக்கு மொத்தமே நாப்பது டாலர்தானாம் அவளுக்கு!" என்றான் டெஸ்.

"தனி ஆளுக்கு நாப்பது. நான் ஒரு யானையையும் சேத்து வளக்கிறேன்."

காலையும் மாலையும் அவள் மேசையில்தான் யானை. நாலாம் நாள் விரலைக் குத்திப் பார்த்தவன், கடற்கரையிலிருந்த கூழைக்கடாக்கள் எல்லாம் பறந்துபோகக் கத்தினான்: "எட்டரை! மாவிஸ், உன் பார்லி செஞ்ச வேலையப் பாரு!"

எண் இறங்கினால் கேரவன் தப்பிக்கும். சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான். ஆனால் என் பருப்புக்கு இறங்காதது அவள் பார்லிக்கு இறங்குவதா? வயிறு எரிந்த எரிச்சலில் அன்று அடுப்பே பற்றவைக்காமல் தேநீர் போட்டிருக்கலாம்.

மேற்கு மாநிலத்துக்குப் போகும் வெட்டவெளி நல்லர்பார் சாலையைச் சேர்ந்தே கடக்கலாம் என்று டெஸ் முடிவு செய்தான். மாவிஸ் கடைக்குப் போய் ஆறு முட்டைக்கோஸ், ஒரு மூட்டை கேரட், ஆரஞ்சுப் பெட்டி என்று அள்ளி வந்தாள்.

"வழியில கடையே கிடையாதாமே வெர்னா. இது போதுமா?"

மேற்கு மாநில எல்லையில் சமைக்காத காய், பழம், தேன், செடி எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். பூச்சி வந்துவிடுமாம். இந்தச் சாலையில் ஓடும் கிழடுகள் அத்தனை பேரும் முந்தின சாயங்காலமே எல்லாக் காயையும் வேகவைத்துவிடுவோம், வெந்ததைத் தொடமாட்டார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாளிக் கீரையைப் பார்த்தேன்.

"தாராளமாப் போதும். வேணும்னா ரெண்டு பூசணி எடுத்துக்கோயேன்" என்றேன்.

எல்லை விதியைச் சொல்லும் பலகைகள் வழிநெடுக நிற்கும். ஆனால் மாவிஸ் எங்கள் பின்னாலேயே வந்தாள். ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அவள் பார்த்த ஒரே காட்சி எங்கள் கேரவனின் பின்பக்கம். நான் அவளிடம் சொல்லியிருப்பேன் என்று டெஸ் நம்பினான்.

எல்லைக்கு முன்னால் கடலோரப் பாறை மேல் தங்கிய மாலை நான் இரண்டு பானை சூப் வைத்தேன்.

"இவ்வளவும் இன்னிக்கேவா?" என்றாள் மாவிஸ்.

"கை ஓடும்போதே சமைச்சு வச்சிடணும்" என்றேன்.

மறுநாள் சோதனைச் சாவடியில் கையுறை போட்ட பெண்ணுக்கு மாவிஸின் வேனைக் காலி செய்ய அரைமணி ஆனது. கேரட் போனது, பூசணி போனது. கீரை வாளியைக் கொடுக்கும் முன் மாவிஸ் குனிந்து அதனிடம் ஏதோ சொன்னாள். எனக்கு இனிக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு நிமிஷம் இனிக்கவில்லை.

அடுத்தது நாங்கள். குளிர்பெட்டியைத் திறந்து பானைகளைக் காட்டினேன், ராணி மாதிரி. அந்தப் பெண் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, வெளிப்பக்கம் கழிவுக் குழாய் வைக்கும் பெட்டியைத் திறந்தாள். ஒன்பது வருஷத்தில் நான் தொடாத ஒரே இடம் அது.

"மேடம், இது யாரோடது?"

மூன்று தேன் பாட்டில். இரண்டு காலி, ஒன்று பாதி. ஒரு கரண்டி வேறு.

"டெஸ்!"

டெஸ் தன் செருப்பைப் பார்த்தான். "ராத்திரிக்கு ஒரு கரண்டிதான்…"

"பெரிய கரண்டியா இருக்கே! அப்போ செடூனால மட்டும் எப்படி இறங்குச்சு?"

"அங்க இந்தப் பெட்டி மாவிஸ் ஜன்னலுக்கு நேரா இருந்துச்சு வெர்னா. அவ பாத்துடுவாளேன்னு தொடவே இல்ல."

பார்லியும் இல்லை, கீரையும் இல்லை! நான் சிரித்த சிரிப்பில் சாவடியின் தகரக் கூரை இரண்டு அங்குலம் எழும்பியது.

அடுத்த நல்ல கடைக்கு எழுநூறு கிலோமீட்டர். மாவிஸிடம் மிஞ்சியது பார்லியும் டீத்தூளும்தான். அந்தத் தூரத்தைக் கடந்த மூன்று நாளும் அவள் என் மேசையில் என் சூப்பைக் குடித்தாள். மூன்றாம் நாள் காலை டெஸ் விரலைக் குத்தினான்.

"ஏழு!"

"யாரோட சமையல்?" என்றேன்.

"உன்னோடதுதான், மகராணி."

"சத்தமாச் சொல்லு, காது மந்தம் எனக்கு."

மாவிஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வெர்னா, ஒண்ணு கேக்கணும். அந்த எல்லை விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமில்ல?"

பானையில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அது என் பங்கு. வழித்து அவள் கிண்ணத்தில் ஊற்றினேன்.

"அடுத்து வர்ற ஊர் நார்ஸ்மன்ல நர்சரி இருக்குமா பாப்போம்" என்றேன். "கீரை நாத்து நான் வாங்கித் தரேன். வாளியும்."