யூரியா வைக்கோல்

கால்நடைப் பயிற்சி மையத்தில் அவள் நடத்தும் வகுப்புக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறவர் ஒருவர் இருந்தார். வீட்டில் மூன்று மாடுகள் வைத்திருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவள் எது சொன்னாலும் தலையை ஆட்டுவார். மடிநோய் என்றாலும் ஆட்டுவார், டீ வந்துவிட்டது என்றாலும் ஆட்டுவார். மையத்தில் அவருக்குத் தலையாட்டி என்று பெயர். அந்தப் பெயரை முதலில் வைத்தவள் அவள்தான். நாற்பது பேர் கொட்டாவி விடும் அறையில் ஒரு தலையாவது ஆடுகிறதே என்று அவர்மேல் அவளுக்குத் தனிப் பிரியம்.

கோடைக்கு முன்னால் யூரியா வைக்கோல் வகுப்பு எடுத்தாள். வைக்கோலின் சத்தைக் கூட்ட, யூரியாவைத் தண்ணீரில் கரைத்து வைக்கோலில் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்து போட்டால் மாட்டுக்கு விஷம். திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டாள். தலையாட்டி ஆட்டினார். அவள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் அவருடைய மனைவி போன் செய்தாள். "டீச்சர், மாடெல்லாம் விழுந்து துடிக்குது. கொஞ்சம் வாங்களேன்."

மாட்டு டாக்டருக்குச் சொல்லிவிட்டு, யூரியா விஷத்தை முறிக்கக் கடையில் இருந்த வினிகர் பாட்டில்களை எல்லாம் அள்ளிக்கொண்டு அவள் ஓடினாள். கொட்டகையில் மூக்கை அறுக்கும் நெடி. பிளாஸ்டிக் தாள் விலகிக் கிடக்க, குவியலின் அடியில் யூரியாத் தண்ணீர் தேங்கி நின்றது. பெரிய மாடு ஏற்கெனவே செத்திருந்தது. மற்ற இரண்டின் வாயிலும் டாக்டரும் அவளுமாக வினிகரை ஊற்றினார்கள். வெள்ளை மாடு அவள் மடியில் தலை வைத்தபடியே அடங்கியது. சினையாக இருந்த கிடேரி மதியம்வரை போராடியது. டாக்டர் அதன் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கை கழுவப் போனார்.

"எத்தனை நாள் மூடி வச்சீங்க?" என்று அவரிடம் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

மனைவி அவருடைய வலது காதருகே குனிந்து அதையே கத்தினாள்.

"மூணு நாள்," என்றார் அவர். "மூணுன்னுதானே சொன்னீங்க?"

"ரெண்டு வருஷமா காது சரியாக் கேக்காது, டீச்சர்," என்றாள் மனைவி. "சொன்னா வகுப்புல சேத்துக்க மாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்ல விடல."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "தப்பு என்னோடதுங்க," என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. காதருகே போய், அக்கம்பக்கத்து வீடெல்லாம் எட்டிப் பார்க்க, அதை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க," என்றார் அவர். "எனக்காக ஓடி வந்தீங்களே." சொல்லிவிட்டு வெள்ளை மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு விரலுக்கு அகப்படவில்லை.

இப்போதெல்லாம் வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வைக்கிறாள். எங்களைச் சின்னப் பிள்ளையாக்கிட்டீங்களே என்று முணுமுணுக்கிறார்கள். அவள் விடுவதில்லை. அவரை மறுபடி அழைத்துவர இரண்டு முறை வீட்டுக்குப் போனாள். இரண்டு முறையும் அவர் மூட்டை தூக்கும் வேலைக்குப் போயிருந்தார்.

"இன்னும் பால் கறக்கிற நேரத்துக்கு முழிப்பு வந்துடுது அவருக்கு," என்றாள் மனைவி. "எழுந்து போய்க் கொட்டகையில நின்னுட்டு வர்றாரு."