கேட்டேன் என்றால் சரிதான்

காதர் பாட்சாவின் இரண்டு கண்களுக்கும் சேர்த்து லாரி முதலாளியின் ஆள் சொன்ன விலை இருபத்தைந்தாயிரம். கண்கள் அவரிடமே இருக்கலாம். அவை பார்த்ததை மட்டும் கொடுத்துவிட வேண்டும்.

விலை சொல்ல வந்தவன் பெயர் வைரக்கண்ணு. குன்னம் சந்தையில் காதர் பாட்சா ஆம்னி வேனின் பின்கதவைத் தூக்கிவிட்டு, லுங்கியும் துண்டும் போர்வையுமாகக் கடை விரித்திருந்த நேரம். ஒரு துண்டை எடுத்துக் கசக்கிப் பார்த்துக்கொண்டே, அரியலூர் ரோட்டில் நடந்ததை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை, தூசியாக இருந்தது என்று சொன்னால் போதும் என்றான். பிறகு தொகையைச் சொன்னான்.

முப்பத்தைந்து வருடமாகச் சந்தையில் நிற்கிற மனுஷன். யார் என்ன விலை சொன்னாலும் அதற்கு எதிர்விலை சொல்லாமல் அவரால் மூச்சுவிட முடியாது. மகள் நிக்காஹ் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் அவர்களாகவே நகை எதுவும் வேண்டாம் என்றபோதுகூட, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று வாய் தவறிக் கேட்டுவிட, மனைவி ஜைனம்பு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடியிருக்கிறாள். அந்த வாய்தான் அன்றைக்கும் பேசியது.

"இருபத்தஞ்சா? ஒரு கண்ணுக்கே காணாதேய்யா. அம்பதுன்னா யோசிக்கலாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பக்கத்து வெங்காயக் கடைக்காரரும் சிரித்தார். வைரக்கண்ணு சிரிக்கவில்லை, முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அதெல்லாம் ஒன்றும் கேட்க வேண்டாம், செத்த பெண்ணின் மையத்தைத் தூக்கின கை இது, விற்காது, வந்ததற்கு இரண்டு துண்டாவது வாங்கிக்கொண்டு போ என்று அனுப்பினார். அவனும் நூற்றைம்பதுக்கு இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு போனான். அன்றைய வியாபாரத்தில் அதுவும் ஒன்று என்று காதர் பாட்சா மறந்துபோனார்.

அவர் மறக்காதது வேறு. நான்கு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம், காலை ஒன்பதரை மணி. அரியலூருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில், அவர் வேனுக்கு முன்னால் நீலக்கலர் ஸ்கூட்டியில் ஒரு பெண் ரோட்டின் இடதுஓரமாக, வெள்ளைக்கோட்டுக்கும் வெளியே போய்க்கொண்டிருந்தாள். எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி, ஒரு பஸ்ஸை முந்துவதற்காக இந்தப் பக்கத்துக்கே வந்துவிட்டது. அவ்வளவுதான். வேனை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. கூட்டம் செல்போனைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், வேனிலிருந்த புதுப் போர்வைக் கட்டை அவிழ்த்து மேலே இருந்த ஒன்றை எடுத்து மூடினார். மெரூன் கலர், பெரிய பூப்போட்டது.

அந்தப் பெண் மேகலா. அரியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள். அவளுடைய அம்மா மலர்கொடி, குன்னம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறவள். லாரிக்காரர்கள் போலீஸிலும் கோர்ட்டிலும் சொன்னது ஒன்றே ஒன்று: அந்தப் பெண் செல்போன் பேசிக்கொண்டே ராங் சைடில் வந்தாள். இதைத்தான் மலர்கொடியால் தாங்க முடியவில்லை. நஷ்டஈடு எங்கோ தனி வழக்காக நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவள் கேட்பதே இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரு காகிதம். அதில் தப்பு மேகலா மேல் இல்லை என்று சர்க்கார் முத்திரையோடு எழுதியிருக்க வேண்டும். நடந்ததைப் பார்த்ததாகச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பஸ்ஸில் இருந்த ஐம்பது பேரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

சம்மன் வரும், போவார், ஜட்ஜ் லீவு. அடுத்த சம்மன், எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். அடுத்தது, லாரி டிரைவர் ஆஜராகவில்லை. இப்படி எட்டு வாய்தா. எட்டுச் செவ்வாயோ வியாழனோ சந்தை போனது. கோர்ட்டுக்கு எதிரே டீக்கடைத் தகரக் கொட்டகையின் கீழ் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். மலர்கொடி தூக்குவாளியில் வேகவைத்த சோளக்கதிர் கொண்டுவருவாள். முதல் வாய்தாவில் "பாய்" என்றவள் மூன்றாவதிலிருந்து "அண்ணே" என்றாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து போகும்போது, "அந்தப் போர்வைக்கு எவ்ளோண்ணே?" என்று கேட்பாள். அவர் காது கேட்காதவர் மாதிரி வேன் சாவியைத் தேடுவார். வாழ்க்கையில் அவர் விலை சொல்லாமல் விட்ட ஒரே சரக்கு அதுதான்.

ஒன்பதாவது தடவை அரசு வக்கீல் அம்பிகா மேடம் அவரை ஓரமாக அழைத்துப்போய்ப் பாடம் சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில். ஜட்ஜைப் பார்த்துப் பேச வேண்டும். கதை வேண்டாம், சிரிப்பு வேண்டாம். காலையில் ஜைனம்புவும் அதைத்தான் வேறு மாதிரி சொல்லி அனுப்பியிருந்தாள்: "மச்சான், அங்கே போயி ஒங்க சந்தை வாயைத் தொறந்துடாதீங்க."

வாசலில் நின்று கோர்ட் டவாலி மூன்று தடவை பெயரைக் கூவினார். காதர் பாட்சா கூண்டில் ஏறி, அல்லாஹ் மேல் ஆணையாக உண்மையே சொல்வதாகச் சொன்னார். கொள்முதலே இவ்வளவு ஆகிறது என்று தினமும் ஆயிரம் பொய் சொல்கிறவர்தான். ஆனால் அதை வாங்குகிறவனுக்கும் பொய் என்று தெரியும். இது வேறு கடை என்று அவருக்குப் பட்டது.

அம்பிகா மேடம் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகச் சொன்னார். நீல ஸ்கூட்டி, வெள்ளைக்கோடு, இடதுஓரம். போன் பேசவில்லை, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தன. ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்திருந்த மலர்கொடி பின்பெஞ்சில் உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடத்தில் அவள் முதுகு நிமிர்ந்து அவர் பார்த்தது அப்போதுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் கலைவாணன் நிதானமாக எழுந்தார். ரோட்டைப் பற்றி அவர் எதுவுமே கேட்கவில்லை.

"வைரக்கண்ணுன்னு ஒருத்தரைத் தெரியுமா?"

"துண்டு வாங்க வந்தாரு."

"அவர்கிட்ட அம்பதாயிரம் கேட்டீங்களா?"

காதர் பாட்சாவுக்குச் சந்தை இரைச்சல் முழுக்கக் காதுக்குள் வந்து போனது. "சார், அது ஒரு பேச்சுக்கு…"

"கேட்டீங்களா, கேக்கலையா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. சின்னச் சொல். வக்கீலின் கையில் காகிதம் எதுவும் இல்லை என்பதையும் அவர் கவனித்துவிட்டார். எதிராளியின் கை காலியா இல்லையா என்று பார்க்கத் தெரியாமலா இத்தனை வருடம் பிழைத்தார்? ஆனாலும் கூண்டில் ஏறியபோது அவர் சொன்ன ஆணை இன்னும் வாயில் உலராமல் இருந்தது.

"கேட்டேன்" என்றார். "சிரிச்சிக்கிட்டேதான் கேட்டேன் சார். அதையும் எழுதச் சொல்லுங்க."

ஜட்ஜ் கெட்டவர் இல்லை. ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு, சாட்சி சொன்னதைக் கோர்ட் எழுதிக்கொள்கிற பாணியில், தட்டச்சு செய்கிற பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் வைரக்கண்ணுவிடம் ஐம்பதாயிரம் ரூபாய் கேட்டேன் என்றால் சரிதான்." சாவிகள் விழுந்தன. கேட்ட பணம் கிடைக்காத ஆத்திரத்தில் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்றார் கலைவாணன். இல்லவே இல்லை என்றார் காதர் பாட்சா. "பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." அதற்கும் சாவிகள் விழுந்தன. சிரிப்புக்கு மட்டும் அந்த மிஷினில் எழுத்து இல்லைபோல.

வெளியே வந்ததும் அம்பிகா மேடம் கோபப்படவில்லை. களைத்துப்போன குரலில், "இல்லைன்னு ஒரு வார்த்தை, பாய். அவங்ககிட்ட ஒரு அத்தாட்சியும் கிடையாது" என்றார். இனி என்ன ஆகும் என்று கேட்டதற்கு, இருந்தது ஒரே கண்சாட்சி என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேஸ் கட்டைப் பிரித்தபடி நடந்தார். ஒரு கிளார்க் காதர் பாட்சாவைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாட்சிப் படி நூற்றி இருபது ரூபாய் கொடுத்தார். எட்டு தடவை வராத படி அன்றைக்கென்று வந்தது.

தகரக் கொட்டகையின் கீழ் மலர்கொடி நின்றுகொண்டிருந்தாள். தூக்குவாளி மூடியபடியே பெஞ்சில் இருந்தது. அவர் கிட்டே போய், "தங்கச்சி, அது வெளையாட்டுக்குச் சொன்னதும்மா" என்றார். அவருடைய காதுக்கே அது, சாயம் போகாது என்று சொல்லி விற்கிற குரல் மாதிரி கேட்டது.

அவள் ஒன்றும் திட்டவில்லை. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சின்ன பர்ஸை எடுத்தாள்.

"போர்வைக்கு எவ்ளோ பாய்?"

ஒரு சரக்குக்கு அவரிடம் எப்போதும் மூன்று விலை உண்டு. சொல்லுகிற விலை, கொடுக்கிற விலை, வாங்கின விலை. மூன்றாவதை ஜைனம்புவிடம்கூடச் சொன்னதில்லை.

"எரநூத்தி அறுவது" என்றார். வாங்கின விலை.

அவள் பேரம் பேசவில்லை. மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டிவிட்டு, கையை அப்படியே வைத்திருந்தாள். மீதிக்காக என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சட்டைப் பையிலிருந்த சாட்சிப் படியிலிருந்து இரண்டு இருபது ரூபாய்த் தாள்களைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

மலர்கொடி அதை ஒரு தடவை எண்ணினாள். விரலில் எச்சில் தொட்டு, தாள்களைப் பிரித்து, இன்னொரு தடவையும் எண்ணினாள். நாற்பது சரியாக இருந்தது.