ஒஸ்வல்ட் டொக்டரின் எழுத்து

"பூனைக்குட்டி" என்றாள் புஸ்பம்.

"பானை எண்டுதானே இவ்வளவு நாளும் கிடந்தது!" ஸஹீதா கணினியில் யாரோ முன்பு தட்டி வைத்திருந்த சொல்லை அழித்தாள்.

"நெஞ்சுக்குள்ள பானை கத்துமா புள்ள? பூனைக்குட்டிதான் கத்துது. இழுப்பு வருத்தம். கிரானில இருந்து வந்த ஆள், வயல் செய்யிறவர்." புஸ்பம் வெள்ளைக் கையுறை போட்ட விரலை வரிக்கு மேலே, தாளில் படாமல் நகர்த்தினாள். "மறுகா மருந்து எழுதிரிக்கார். நான் சொல்லச் சொல்ல அடி."

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தின் மேல்மாடி அறையில் இருவரும் அருகருகே இருந்தார்கள். மேசையில் பஞ்சுத் தலையணை, அதன்மேல் விரித்த கொப்பி. அப்படி முப்பத்தொரு கொப்பிகள். ஒஸ்வல்ட் டொக்டர் மட்டக்களப்பு நகரில் தன் டிஸ்பென்சரியில் நாற்பது வருடம் எழுதியவை. நோயாளியின் பெயர், ஊர், வயது, அதன் கீழே நோயைப் பற்றி அவர்கள் சொன்ன சொல் அப்படியே தமிழில். மருந்து மட்டும் ஆங்கிலத்தில். டொக்டர் காலமான பிறகு அவருடைய மகள் பிலிஸ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து எல்லாவற்றையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தாள். ஆறு மாதமாக யாராலும் ஒரு பக்கத்தை முழுதாக வாசிக்க முடியவில்லை. திட்டப் பொறுப்பாளரான விரிவுரையாளர் உதயரூபன் தொலைபேசியில் அதைச் சொன்னபோது பிலிஸ் சிரித்தாளாம்.

"எங்கட டடாட எழுத்து எங்களுக்கே விளங்காது. கொக்கட்டிச்சோலையில புஸ்பம் இருக்கிறா. அவவப் போய்க் கேளுங்க."

புஸ்பம் இருபத்தாறு வருடம் அந்த டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. சின்ன ஜன்னல் வழியாக டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு வரும். அதைப் பார்த்துக் குளிசையை எண்ணிக் கடதாசியில் மடித்துக் கொடுக்க வேண்டும். முதல் மாதங்களில் ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே ஓடினாள். டொக்டர் ஒருநாளும் சினந்ததில்லை. "கேளு புஸ்பம். நூறு தரம் கேளு. பிழையா மட்டும் குடுத்திராத." அவர் எழுதும்போது தாளைப் பார்ப்பதில்லை, வந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார். கை தன்பாட்டில் போகும். வரிகள் மேலே ஏறும், எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். இரண்டு வருடத்தில் அவளுக்கு அது கண்ணுக்குப் பழகிவிட்டது.

கொப்பியை முதன்முதலாகக் கையில் கொடுத்தபோது அவள் ஒரு பக்கத்தைத் தங்காமல் வாசித்தாள். உதயரூபன் வாயைத் திறந்தபடி நின்றார். அடுத்த வாரமே அவர் முகம் வாடி வந்தார்.

"அம்மா, வாசிப்பு உதவியாளர் எண்டு எடுக்கச் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்க வேணுமாம். நானும் ஏலுமான மட்டும் கதைச்சுப் பாத்தன். துப்புரவுப் பகுதியில பேரப் போட்டாத்தான் உங்கள உள்ள எடுக்கலாம்."

"எந்தப் பகுதியில போட்டா என்ன சேர்? கொப்பி அதுதானே" என்றாள் புஸ்பம்.

அன்றிலிருந்து காலையில் கொக்கட்டிச்சோலையில் பஸ் ஏறி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, நகரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து வருகிறாள். மகள் கஜானி, "இந்த வயசில இது என்னத்துக்கம்மா?" என்று கேட்டால், "அந்தாள் எழுதினத நான் வாசிக்காட்டி ஆர் வாசிக்கிற?" என்பாள்.

ஸஹீதா ஓட்டமாவடிக்காரி. முப்பத்தெட்டு வயது. அவளும் ஒப்பந்தத்தில்தான் வேலை. மூன்றாம் வாரம் சாப்பாட்டுப் பொதியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, எண்பத்தொம்பதாம் ஆண்டுக் கொப்பியில றஸீனா எண்டு ஒராள் வந்தா எனக்குச் சொல்றயளா?"

"ஆரு புள்ள?"

"எங்கட உம்மா. ஒஸ்வல்ட் டொக்டரிட்டத்தான் காட்டினயாம். எனக்கு மூணு வயசில மௌத்தாகிட்டா. ஒரு போட்டோவும் இல்ல. எப்பிடிக் கதைப்பா எண்டும் தெரியா."

அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பியதும் முதலில் பெயர்களின் மேல்தான் புஸ்பத்தின் கண் ஓடும்.

பதினான்காம் கொப்பியில் ஒரு செவ்வாய்க்கிழமை அது வந்தது. பக்கத்தின் குறுக்கே, இடமிருந்து வலமாக, தடித்த நீல மைக்கோடு ஒன்று இழுபட்டிருந்தது. எழுத்துகள் அதன் அடியில் கிடந்தன. கொப்பிகளைப் பட்டியலிட்டபோது ஸஹீதாவே அந்தப் பக்கத்துக்கு நேரே 'சேதம்: மைக்கறை' என்று தட்டியிருந்தாள்.

புஸ்பம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள்.

"கைய எடு புள்ள. இத அடிக்காத. முதல்ல கேளு."

ஸஹீதா திரும்பிப் பார்த்தாள்.

"றஸீனா. வயசு இருபத்திநாலு. ஓட்டமாவடி." புஸ்பத்தின் குரல் இறங்கியது. "'புள்ளயத் தூக்கினா மூச்சு வாங்குது. இறக்கி வெக்க மனமில்ல.'"

மின்விசிறி சுற்றியது. ஸஹீதா கொப்பியின் மேல் குனிந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

புஸ்பம் இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை ஸஹீதாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"கீழ டொக்டர் ஓரத்தில எழுதிரிக்கார். 'பிள்ளை மடியில் இருந்தது. என் பேனையைப் பறித்துவிட்டது. கோடு பிள்ளையுடையது.'"

ஸஹீதா கையுறையைக் கழற்றினாள். அது கூடாது என்று இருவருக்கும் தெரியும். ஒரு விரலால் அந்தக் கோட்டை அது தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம்வரை தடவினாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். புஸ்பம் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். அன்று பின்னேரம் அவர்கள் வேறு பக்கம் எதையும் திருப்பவில்லை. வீட்டுக்கு வெளிக்கிடுமுன் ஸஹீதா பட்டியலைத் திறந்து 'சேதம்' என்ற சொல்லை அழித்தாள்.

மழை தொடங்கிய மாதத்தில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. திட்டத்துக்கு உதவும் நிறுவனம் ஆள் அனுப்பிப் பார்வையிடப் போகிறது. வேலை திருப்தியாக இருந்தால்தான் இன்னொரு வருடம். இன்னும் பதினொரு கொப்பிகள் மீதி இருந்தன.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் உதயரூபன் வந்து மேசையருகே நின்றார். கொஞ்ச நேரம் எதையோ தேடுவதுபோல அலுமாரியைப் பார்த்தார்.

"அம்மா, நாளைக்கு அவங்க பேர்ப்பட்டியல வச்சு ஒவ்வொரு ஆளா, என்ன வேலை செய்யிறாங்க எண்டு பாப்பாங்க. நீங்க மேசையில இருந்தா..."

"விளங்குது சேர்."

"உண்மை தெரிஞ்சா முழுத்திட்டத்தையும் நிப்பாட்டிருவாங்க எண்டு பயமா இருக்கு."

"விளங்குது எண்டனே. கூட்டுற தும்புத்தடி எங்க கிடக்கு?"

அடுத்த நாள் பத்து மணிக்கு வந்தவர் நரைத்த தாடியுடன் மரியாதையாகப் பேசும் ஓர் அதிகாரி. பட்டியலில் 'கணபதிப்பிள்ளை புஸ்பம், துப்புரவு' என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். புஸ்பம் தும்புத்தடியோடு சுவர் ஓரமாக நின்றாள். அவர் சரி என்று அடையாளம் போட்டார்.

"எனக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுங்களன்" என்றார். அவரே இருபத்தோராம் கொப்பியை எடுத்து நடுவில் விரித்தார். அது இன்னும் திறக்காத கொப்பி.

உதயரூபன் குனிந்தார். "வாவியில மீன்பிடிக்கிற ஒராள்... வயசு ஐம்பத்திரண்டு. கை... கை தேனீ... இல்ல, தேனீர்..." நெற்றியில் வேர்த்தது. அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார். ஸஹீதா கொப்பியைப் பார்த்தாள்; பிறகு புஸ்பத்தைப் பார்த்தாள்.

புஸ்பம் கூட்டிக்கொண்டே மேசைக்குப் பின்னால் வந்தாள். பக்கம் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ஒரு பார்வை போதும். ஸஹீதாவின் கதிரைக்கடியில் கூட்டுவதுபோல் குனிந்து, மெல்லச் சொன்னாள்.

ஸஹீதா வரிக்கு மேலே விரலை நகர்த்தினாள். "'கை தோணிக்குள்ள கிடக்கு. நான் மட்டும் வீட்ட வந்திட்டன்.' அப்பிடித்தான் எழுதிரிக்கு சேர். கை விறைச்சுப் போன ஆள். பாரிசவாதமா இரிக்கும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "கை தோணிக்குள்ள கிடக்கு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "அடடா. இந்த எழுத்த எப்பிடிம்மா பழகினீங்க?"

ஸஹீதாவின் கண்கள் நிரம்பின. அவள் வாயைத் திறந்தாள். புஸ்பம் தலையை ஒருமுறை, மிகச் சிறிதாக, இல்லை என்று ஆட்டினாள்.

"ஒராள் சொல்லித் தந்தவ சேர். டொக்டரோட வேலை செய்தவ."

"அப்பிடியா? அவ உயிரோட இருக்கிறாவா?"

"இருக்கிறா" என்றார் உதயரூபன் நிலத்தைப் பார்த்தபடி.

"பெரிய விஷயம். அந்த அம்மாவ விட்டிராதீங்க. அவவின்ட வாழ்க்கையையும் பதிஞ்சு வைக்க வேணும். அடுத்தமுறை வரேக்க நான் கட்டாயம் அவவச் சந்திக்க வேணும்." அவர் குறிப்பேட்டில் எழுதினார். திட்டம் நீடிக்கும் என்பது அவர் எழுதிய வேகத்திலேயே தெரிந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தவர் அருகில் நின்ற புஸ்பத்தைக் கண்டார்.

"கொஞ்சம் அங்கால போய்க் கூட்டுங்கம்மா" என்றார் கனிவாக. "தூசி இந்தக் கொப்பிகளுக்குக் கூடாது."

"ஓம் ஐயா."

அவர்கள் அடுத்த அலுமாரிக்கு நகர்ந்தார்கள். புஸ்பம் அறையின் மறுமூலைவரை கூட்டிக்கொண்டு போனாள். காலையில் ஸஹீதா இரண்டு தரம் துடைத்த நிலம். குனிந்து குப்பைத் தட்டை வைத்து, தும்புத்தடியால் அதற்குள் தள்ளினாள். தட்டில் ஒன்றும் விழவில்லை. அதை இரு கையாலும் சிந்தாமல் ஏந்திக்கொண்டு வெளியே போய், வாளியின் விளிம்பில் மூன்று தரம் தட்டினாள்.