காதுக்குப் பின்னால்

மனிதத் தோலில் குடியிருக்கும் ஈஸ்ட் என்ற நுண்பூஞ்சைகளை இனம் பிரித்துச் சொல்வது என் பிழைப்பு. ஊரார் முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள். நான் காதுக்குப் பின்னால் பார்ப்பேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம். பார்க்க வருபவர் யாரானாலும், காதுக்குப் பின்னால் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவல் கொடுத்த பிறகுதான் காபி. போன வருடம் அக்காவும் அவள் மகளும் வந்தார்கள். மகளை நாங்கள் குருவி என்போம். சின்னப் பெண், வாய் ஓயாது. வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் கிளவுஸ் மாட்டுகிறவள் நான். கிளவுஸோடு கிட்டே போனதும் அக்கா சிரித்தாள்.

"கூடப் பொறந்தவளையும் கிளவுஸ் போட்டுத்தான் தொடுவியா?"

தடவியெடுத்ததை ஆளுக்கொரு கண்ணாடித் தட்டில் வளர்த்தோம். குருவியின் தட்டில் எல்லார் தோலிலும் இருப்பவைதான் வளர்ந்தன. அக்காவின் தட்டில் மட்டும் வெளிர் மஞ்சளாக, ஓரம் சுருங்கிய ஒரு கூட்டம். மரபணுவைப் பார்த்தோம், இதுவரை யாரும் பதிவு செய்யாத இனம். ஆய்வுக்கூடத்தின் தலைவியான எங்கள் மேடத்துக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'சந்தேகம்'. இன்னொருவர் தோலிலும் கிடைத்தால்தான் நம்புவேன் என்றார்.

அதற்குள் அக்கா சாலை விபத்தில் போய்விட்டாள். சில வாரம் கழித்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு அத்தானையும் குருவியையும் சோதித்தேன். இருவரிடமும் அது இல்லை.

ஆக, அக்கா உடம்பில் உயிரோடு மிச்சமிருந்தது என் தட்டில் இருந்த அது ஒன்றுதான். அதற்குத் தன் கொழுப்பைத் தானே தயாரிக்கத் தெரியாது. தோலை விட்டு வந்தால் நாம்தான் எண்ணெய் ஊட்ட வேண்டும். கைப்பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டேன். உறைய வைத்தால் தாங்கவில்லை. புதுத் தட்டுகளுக்கு மாற்றி மாற்றி வளர்த்தும், போன மாதம் எல்லாம் செத்துப்போயின. கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

விடுமுறைக்குக் குருவி என்னிடம் வந்தாள். வழக்கப்படி அவளுக்கும் ஒரு தடவல். சில நாள் கழித்துத் தட்டைப் பார்த்தேன். வெளிர் மஞ்சள், சுருங்கிய ஓரம். மரபணுவும் அச்சு அசல் அக்காவுடையதே.

என் கைவேலையில் கோளாறு என்று மேடம் சொல்லிவிட்டார். தானே புதுக் குச்சி பிரித்து, குருவியையும் என்னையும் அத்தானையும் அவர்கள் வீட்டுத் தலையணைகளையும் சோதித்தார். குருவியிடம் மட்டும் இருந்தது.

"இது துணியில எல்லாம் தங்காது. தோலோட தோல் படணும்," என்றார். "யாரோ இந்தப் புள்ளைய தினம் தொடுறாங்க."

அவர் எதையும் சந்தேகப்படாமல் சொன்னது அன்றுதான்.

மறுநாள் இன்னொரு குச்சியோடு குருவியின் முன்னால் உட்கார்ந்தேன்.

"காதுக்குப் பின்னாடி உன்ன யாரும்மா தொடுறாங்க?"

"அம்மாதான். தூங்குறப்ப முடிய ஒதுக்கி விடுவாங்க."

எனக்குப் புல்லரித்தது. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு வந்தது பொறாமை. குழந்தையிடம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"என்கிட்ட மட்டும் ஏன் வரல?"

"வந்தாங்களே சித்தி. உங்க கையப் பிடிச்சாங்களாம். நீங்க கிளவுஸ் போட்டிருந்தீங்களாம்."

கிளவுஸைக் கழற்றினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை மேசைமேல் நீட்டி வைத்தேன்.