மூன்று நாளாய் வயிற்றுவலி

மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவிகள் நோயாளிகளிடம் பேசிப் பழக வேண்டிய வாரத்தில், கூரை ஒழுகுகிறதென்று ஆஸ்பத்திரி வார்டை மூடிவிட்டார்கள். திறக்க இரண்டு மாதம் ஆகுமாம். பேசிப் பழகுவதைப் புத்தகம் வைத்தா சொல்லித்தர முடியும்? ஆசிரியை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வீடியோ அழைப்பில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். மாணவிகள் ஒவ்வொருவராக அவரிடம் விசாரித்துத் தகவல் தாளை நிரப்ப வேண்டும். மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நோயாளியைத் தேடி அலையத் தேவையிருக்கவில்லை. ஆசிரியையின் அண்ணன் முப்பத்தைந்து வருடம் பஸ் கண்டக்டராக இருந்து, ஓய்வு பெற்று எட்டு மாதமாக வீட்டில் இருந்தார். சமையலறை வாசலில் யார் நின்றாலும் "வழிய விட்டு உள்ள போங்க" என்பார். விஷயத்தைச் சொன்னதும் அண்ணிதான் முதலில் சம்மதித்தார்.

"தாராளமா வச்சுக்கோ. தினமும்னாலும் சரி."

ஆசிரியை ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். மூன்று நாளாய் அடிவயிற்றில் வலது பக்கம் வலி. இரண்டு முறை வாந்தி. வேறு நோய் இல்லை. மருந்துகள் எதுவும் இல்லை.

முதல் நாள், தலையணைகளில் சாய்த்து வைத்த செல்போனின் முன்னால் கண்டக்டர் போட்ட கூச்சலில் முதல் மாணவி பேனாவைக் கீழே போட்டாள். இரண்டாமவளுக்குத் தன் மனைவியின் முட்டிவலியைக் கொடுத்தார். மூன்றாமவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் ஆஸ்துமா. ஐந்து தாள்களில் ஐந்து நோய்கள் வந்து சேர்ந்தன.

"அண்ணா, நான் ஒரு வயிறுதானே கொடுத்தேன்?" என்றார் ஆசிரியை.

"ஒரே வலிய எத்தனை தடவைமா சொல்றது? எனக்கே சலிப்பா இருக்கு."

ஆசிரியை கண்டித்துச் சொன்னது வேலை செய்தது. அடுத்த வாரம் கண்டக்டர் இரண்டு நாள் சவரம் செய்யாமல், காலையிலிருந்தே போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய் ஆப்பிளோடு வந்தார். "ஒண்ணுமில்லங்க, அவர் வேலை பார்க்கறார்" என்று அண்ணி சொல்லியும் நம்பாமல், நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார். வாந்தி எடுத்த நோயாளி, வகுப்பு தொடங்குவதற்குள் இரண்டு ஆப்பிளைத் தின்று முடித்திருந்தார்.

அன்று கடைசியாக வந்தவளை வகுப்பில் 'முணுமுணு' என்று கூப்பிடுவார்கள். அவள் பேசுவது அவளுக்கே கேட்குமா என்று சந்தேகம்.

"என்ன பாப்பா? சத்தமா சொல்லு!" என்றார் கண்டக்டர்.

அவள் சொன்னாள். கேட்கவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, செல்போனைக் கையிலெடுத்துக் காதோரம் வைத்துக்கொண்டார். அத்தனை கிட்டத்தில் ஒருவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கும்போது முனகிக் காட்ட எப்படி முடியும்? அவர் முனகுவதை நிறுத்தினார். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டாள். பகலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவரும் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"தினமும் போடற மாத்திரை ஏதாவது இருக்காங்க ஐயா?"

"பிரஷருக்கு ஒண்ணு இருக்கு. ஆனா போடறதில்ல."

தன் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் எழுதிக் கொடுத்த தாளில் பிரஷர் இல்லை.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா. வாயில போட்டுக்குவேன். அவ அந்தப் பக்கம் திரும்பினதும் ஜன்னல் வழியா..."

"ஜன்னல் வழியாவா?"

இந்தக் குரல் முணுமுணுவினுடையது அல்ல. மடித்த துணிகளோடு அண்ணி கதவருகே நின்றிருந்தார். கண்டக்டர் சட்டென்று திரும்பியதில் மாணவிகளுக்குக் கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. மைக்கை அணைத்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இதுவும் பயிற்சியில் ஒரு பகுதி என்றே முணுமுணு நினைத்தாள். "அம்மா, நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"முப்பது வருஷமா அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்!"

முணுமுணு அதை எங்கே எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டாள். பிறகு பழைய குரலிலேயே கேட்டாள்: "ஏன் போடறதில்லங்க ஐயா?"

கண்டக்டர் போர்வையைத் தள்ளிவிட்டார்.

"போட்டா, எழுந்திரிக்கும்போது கண்ணை இருட்டிட்டு வருது. ஒருநாள் குளியலறைச் சுவரைப் பிடிச்சிட்டு நின்னேன். பயந்துட்டேன்."

அண்ணி துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தார். "என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"'போட்டாச்சா, போட்டாச்சா'ன்னுதானே கேட்ட? எப்படி இருக்குன்னு எங்க கேட்ட?"

அண்ணி மடித்த துணி ஒன்றைப் பிரித்து மறுபடி மடித்தார். முணுமுணுதான் பேசினாள். "மாத்திரைய நீங்களா நிறுத்தக்கூடாதுங்க ஐயா. கண்ணு இருட்டறதை டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க, வேற மாத்தித் தருவாங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. இப்ப சொல்லுங்க, வயித்துவலி எந்தப் பக்கம்?"

"எந்த வயித்துவலி?" என்றார் கண்டக்டர்.

மாலையில் ஆசிரியை தாள்களைத் திருத்தினார். அவருடைய விடைக்குறிப்பின்படி, மருந்துகள் என்ற இடத்தில் 'இல்லை' என்றிருக்க வேண்டும். முணுமுணுவின் தாளில் அந்த இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தது. ஆசிரியை விடைக்குறிப்பில் இருந்த 'இல்லை'யை அடித்துவிட்டு அவளுக்கு முழு மதிப்பெண் போட்டார். பிறகு அண்ணனைப் போனில் கூப்பிட்டு அரைமணிநேரம் திட்டினார்.

"நடிப்பு எப்படி?" என்று கேட்டார் அண்ணன், திட்டு ஓய்ந்ததும்.

மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று சொல்லி, டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் கண் இருட்டுவது நின்றது. இப்போதெல்லாம் அண்ணி காலையில் "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். கண்டக்டர் உச்சந்தலையில் ஆரம்பித்து, இடுப்புக்கு வருவதற்குள் காபி ஆறிவிடுகிறது.

"போட்டாச்சான்னு கேட்டதே தேவலை" என்று அண்ணி நாத்தனாரிடம் புலம்பினார். ஆனால் மறுநாளும் கேட்டார்.